பின்பலகையில் ஒரு தேக்கு முளை

எழுத்து எனக்குப் பழக்கமில்லாத வேலை. தாராவியில் முனிசிபல் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஏழாவது வரைக்கும் படித்தவள் நான். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டும், பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்று வாத்தியாருக்கு இரண்டு வரியும்தான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூசுகிறவள், முன்பின் தெரியாதவர்கள் படிக்கும்படி எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம். பொறுத்துக்கொள்ளுங்கள். அதிலும் படகைப் பற்றி எழுதப் போகிறேன். அந்தப் படகில் நான் ஒரு தடவைகூட ஏறியதில்லை.

சென்ற மழைக்காலம் முடிந்ததும், வாஷியில் நாங்கள் இருக்கும் வீட்டில் குளியலறைக் கதவின் நிலை ஆட ஆரம்பித்தது. பார்க்க வந்த தச்சர் நிலையில் துரப்பணத்தை வைத்துச் சுற்றினார். வெளியே பெயின்ட் பளபளவென்றுதான் இருந்தது. உள்ளிருந்து கறுப்பாக, ஈரமாக, டீத்தூள் சக்கை போல வந்து விழுந்தது. நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து அதைக் கையில் எடுத்துத் தேய்த்து முகர்ந்து பார்த்தேன். தச்சர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். புளித்த வாசனை. சிறுவயதில் ஒருமுறை அப்பா இதே போல் எடுத்து முகர்ந்தார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அன்றைக்குப் பார்த்தது என்ன என்று இத்தனை வருஷம் கழித்து, குளியலறை வாசலில் நின்றபோதுதான் எனக்கு முழுசாக விளங்கியது.

அப்பா ஓடாவி. தூத்துக்குடிப் பக்கம் தோணி கட்டும் தச்சரை அப்படித்தான் சொல்வார்கள். பம்பாய்க்கு வந்த பிறகு, தாராவிக்குப் பின்னால் மாஹிம் கழியின் கரையில் தகரக் கொட்டகை ஒன்றை வாடகைக்குப் பிடித்துப் படகுகளுக்கு மராமத்து செய்துவந்தார். பெரும்பாலும் கோளி மீனவர்களின் படகுகள். ஒரு பக்கம் தோல் ஷெட்டு நாற்றம், மறுபக்கம் சேற்று நாற்றம். நடுவில், பலகைச் சந்துகளை அடைக்க அப்பா காய்ச்சும் குங்கிலிய வாசனை மட்டும் எனக்குப் பிடிக்கும்.

அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களோடு அதே ஒற்றை அறையில்தான் இருந்தார். குர்லாவில் லாரிப் பட்டறை ஒன்றில் எஞ்சின் வேலை கற்றவர். படகுகளில் மோட்டார் வைக்க ஆரம்பித்திருந்த காலம். ஆகவே மரம் அப்பாவுக்கு, இரும்பு மாமாவுக்கு என்று ஒரு ஏற்பாடு. மரத்தில் இரும்பு வந்து சேரும் இடத்தில்தான் எப்போதும் சண்டை வரும்.

அப்பா அதிகம் பேசமாட்டார். பேசினால் அது முடிந்த முடிவு. மாமா ஓயாமல் பேசுவார். என்னை மருமவளே என்றுதான் கூப்பிடுவார். அவருக்கு மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருந்தார்கள். பெண்ணுக்கும் பிடித்திருந்தது. அவளுடைய அப்பாவுக்கு மட்டும் ஒரு குறை. மச்சான் கொட்டகையில் ஒட்டிக்கொண்டிருப்பவனுக்குப் பெண் கொடுக்க முடியாது, மாசச் சம்பளம் வேண்டும், தனியாக ஒரு அறை வேண்டும் என்று சொல்லிவிட்டார். மாமா சிரித்துக்கொண்டே இதை எங்களிடம் வந்து சொன்னார். அதன் பிறகு சில நாள் சாப்பிடும்போது பேசவில்லை.

பாவாஜியின் படகு அந்தச் சமயத்தில்தான் வந்தது. பார்சிக்காரர்களைப் பம்பாயில் பாவாஜி என்போம். இவர் மாட்டுங்கா பக்கம் பெரிய பங்களாக்காரர். ஊருக்குத் திரும்பிப் போகும் வெள்ளைக்காரர் ஒருவரிடமிருந்து படகை வாங்கியிருந்தார். அது அவருடைய கார் ஷெட்டில் வெகுகாலம் சும்மா கிடந்துவிட்டு, மழை விட்டதும் லாரியில் ஏறி எங்கள் கொட்டகைக்கு வந்தது. மேலே வெள்ளை, உடம்பு நீலம். கோளிகளின் படகுகளுக்கு நடுவே அதைப் பார்த்தால் கல்யாண வீட்டுக்கு வழி தவறி வந்த சினிமாக்காரி போல இருக்கும்.

அதன் எஞ்சின் வெளியே தொங்கவில்லை. படகின் உள்ளே, பின்கோடியில் உட்கார்ந்திருந்தது. அங்கிருந்து பின்பலகையைத் துளைத்துக்கொண்டு ஒரு இரும்புக் கால் வெளியே வந்து தண்ணீருக்குள் இறங்கும். அந்தக் காலின் நுனியில் காத்தாடி. எஞ்சின் உள்ளிருந்தும் கால் வெளியிலிருந்தும் பின்பலகையை இரண்டு கைபோல இறுக்கிப் பிடித்திருக்கும். சுற்றிலும் போல்ட்டுகள். மாமா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"பாத்தியா மருமவளே, லாரிக்கும் மீனுக்கும் பொறந்த பிள்ள இது" என்றார்.

பாவாஜி நல்ல குஷியில் இருந்தார். படகு சரியாக ஓடினால் மாமாவையே அதற்கு டிரைவராக வைத்துக்கொள்வதாகச் சொன்னார். மாசச் சம்பளம். கார் ஷெட்டுக்குப் பின்னால் ஒரு அறை. மாமா அன்று வீட்டுக்கு வரும்போது எல்லோருக்கும் ஜிலேபி வாங்கிவந்தார். படகு தயாரானதும் முதல் சவாரி எனக்குத்தான் என்று சொன்னார். ரயில் பாலத்துக்கு அடியில் கூட்டிக்கொண்டு போவாராம். மேலே போகிற லோக்கல் என் தலைக்கு மேலேயே ஓடுமாம். பள்ளிக்கூடத்தில் இதை நான் சொல்லாத ஆள் இல்லை.

படகைக் கழியில் இறக்கிய அன்றே தண்ணீர் உள்ளே வந்தது. காலையில் போய்ப் பார்த்தால் எஞ்சினுக்கு அடியில் குளம் கட்டி நிற்கும். ஓட்டிப் பார்த்தபோது பின்னாலிருந்து பல்லைக் கடிப்பதுபோல ஒரு சத்தம். இரும்புக் கால் பலகையைத் துளைத்து வரும் இடத்தில் ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பான ரப்பர் உறை ஒன்று இருந்தது. மாமா முதலில் அதைத்தான் சந்தேகப்பட்டார். பாவாஜி எங்கிருந்தோ புது ரப்பர் வரவழைத்துத் தந்தார். மாற்றினார்கள். அப்புறமும் தண்ணீர் வந்தது.

அப்பாவுக்கு இதில் கவலையே இல்லை. ஓடாவிகளுக்கு இது பாலபாடம். வெகுநாள் தரையில் கிடந்த தோணியைத் தண்ணீரில் இறக்கினால் ஒழுகத்தான் செய்யும். வெயிலில் பலகை சுருங்கியிருக்கும். இறக்கிக் கட்டிப்போட்டு ஊறவிட்டால் பலகை உப்பிப் பலகையோடு பலகை இறுகிக்கொள்ளும். ஊரில் அவர் தகப்பனார் செய்ததும் அதுதான், இங்கே கோளிகளுக்கு அவர் செய்ததும் அதுதான். ஒருநாளும் பொய்த்ததில்லை. பாவாஜி வந்து கேட்டபோது, கட்டிப்போட்டு ஊறவிட வேண்டும், வேறு ஒன்றும் வேண்டாம் என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னார். பாவாஜி தலையாட்டிவிட்டுப் போனார்.

மாமாவுக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த தடவை கழித் தண்ணீர் வடிந்து படகு சேற்றில் உட்கார்ந்ததும், பின்னால் போய் அந்த இரும்புக் காலைத் தோளால் முட்டித் தூக்கினார். காலைப் பலகையோடு பிணைக்கும் தகடு பலகையை விட்டு ஒரு நூல் விலகியது. விட்டதும் ஒட்டிக்கொண்டது. விலகி ஒட்டும் ஒவ்வொரு தடவையும் போல்ட் ஓரங்களில் கறுப்புத் தண்ணீர் எச்சில் மாதிரி வடிந்தது. போல்ட்டுகளை இறுக்கினார். மறுநாள் பார்த்தால் அவை கைக்கே சுற்றின. மறுபடி இறுக்கினார். தகடுதான் பலகைக்குள் அமுங்கியதே தவிர போல்ட் நிற்கவில்லை. பிறகு சுத்தியலின் பிடியால் பலகையைத் தட்டிக்கொண்டே வந்தார். ஓரத்தில் டொக் டொக் என்று கேட்டது. எஞ்சின் பக்கம் வர வர, மழையில் நனைந்த மெத்தையைத் தட்டுவதுபோல் பொத் பொத் என்றது. எனக்கே அந்த வித்தியாசம் கேட்டது.

அந்தப் படகு மரப்பலகைகளைச் சேர்த்துக் கட்டியதில்லை. கண்ணாடி நாரையும் பசையையும் குழைத்து ஒரே ஓடாக வார்த்தது. பின்பக்கம் மட்டும் எஞ்சினைத் தாங்குவதற்காக இரண்டு ஓடுகளுக்கு நடுவில் பிளைவுட்டை வைத்து மூடியிருந்தார்கள். போல்ட் ஓட்டை வழியாக உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லை. பிளைவுட் உள்ளுக்குள் நைந்துகொண்டிருக்கிறது என்பதுதான் மாமாவின் கட்சி. படகைக் கரையேற்றி, எஞ்சினை இறக்கி, பலகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றார்.

"அத்தான், இது தோணி இல்ல. இதுல பலகைக்குப் பலகை சந்தே கிடையாது. எது உப்பி எத அடைக்கும்? சொல்லுங்க."

"மரம்னா மரந்தாம்ல. குர்லாவுல லாரிக்கு அடியில படுத்துக் கெடந்தவனுக்குத் தண்ணியப் பத்தி என்ன தெரியும்?"

"லாரியும் தண்ணியிலதான் ஓடுது. மழைக்காலத்துல குர்லாவுக்கு வந்து பாருங்க."

பக்கத்துப் படகில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த கோளிப் பெண்ணுக்குத் தமிழ் புரியாது. ஆனாலும் அவள் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. கையிலிருந்த உளியை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். மாமா செய்த தப்பு ஒன்று உண்டென்றால் அதுதான். மற்றவர் சிரிக்கும்படி அப்பாவுக்குப் பதில் சொன்னது.

அதற்குப் பிறகு படகின் பேச்சு எடுத்தாலே அப்பா சொல்வது ஒன்றுதான். இன்னும் ஊறவில்லை. காலையில் மாமா தண்ணீரை வாளி வாளியாக இறைத்துக் கொட்டுவார். அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் ஊறவில்லை என்பார். குறைந்தபட்சம் ஒரு துளையாவது போட்டுப் பார்க்கலாம் என்று மாமா கெஞ்சினார். உள்ளிருந்து பலகையில் துரப்பணத்தை வைத்து ஒரு சுற்று. வரும் தூள் காய்ந்திருந்தால் தன் வாயை மூடிக்கொள்வதாகச் சொன்னார். அப்பா கேட்கவில்லை. காரணமில்லாமல் படகின் உடம்பில் துளை போடுவது ஓடாவிக்கு ஆகாத காரியம் என்றார். மாமா வீட்டில் அம்மாவிடம் முறையிட்டார். அம்மா அப்போது என் தம்பியை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தாள். எழுந்திருக்கவும் உட்காரவும் சுவரைப் பிடித்துக்கொள்வாள். மரத்திலேயே கிடப்பவருக்குத் தெரியாததா உனக்குத் தெரிந்துவிடப் போகிறது, அத்தான் சொல்கிறபடி இரு என்று அவள் தன் தம்பியைத்தான் அடக்கினாள். எங்கள் வீட்டில் அவள் வேறு எதைச் சொல்லியிருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு கட்டத்தில் ஒழுகல் குறைந்தது. காலையில் குளம் இல்லை, கொஞ்சம் ஈரம்தான். அப்பா அன்று கொட்டகையில் இரண்டு தடவை டீ வரவழைத்தார். கழியின் சேறு போல்ட் சந்துகளில் போய் அப்பிக்கொண்டிருக்கிறது என்று மாமா என்னிடம் மட்டும் முணுமுணுத்தார். பாவாஜிக்குச் செய்தி போயிற்று. அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு, கழியில் கடல் ஏற்றத்தின்போது வந்து ஓட்டிப் பார்ப்பதாகச் சொல்லி அனுப்பினார். அவருடைய கிளப்பில் இதுபோல் இன்னும் பல படகுகள் உண்டு, இது ஓடினால் அவையும் எங்கள் கொட்டகைக்கு வரும் என்றும் சொன்னாராம்.

இடையில் வந்த ஞாயிற்றுக்கிழமை காலை, மாமா எண்ணெய் வைத்துத் தலைசீவி லேபர் கேம்ப்புக்குப் போய்விட்டார். அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனார். விடுமுறை நாளில் அங்கே யாரும் இல்லை. கழி வடிந்து கிடந்தது. படகு சேற்றில் சாய்ந்து நின்றது. அப்பா பாதையாகப் போட்டிருந்த பலகை மேல் நடந்து படகுக்குள் ஏறினார். நான் பலகையின் நுனியில் நின்று எட்டிப் பார்த்தேன்.

அவர் சுத்தியல் பிடியால் தட்டினார். மாமா தட்டிய அதே இடங்களில், அதே வரிசையில். பிறகு துரப்பணத்தை எடுத்தார். எஞ்சினுக்குப் பக்கத்தில், தகட்டுக்குச் சற்று மேலே, உள்பக்கத்திலிருந்து சுற்றினார். முதலில் வெள்ளைத் தூள் வந்தது. பிறகு துரப்பணம் தானாகவே உள்ளே போனது. வெளியே இழுத்தபோது அதன் சுருளெல்லாம் கறுப்பு. அப்பா அதை விரலில் வழித்தார், தேய்த்தார், முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். அப்புறம் எஞ்சின் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கால் வலித்து நான் மறுகாலில் நிற்கும் வரைக்கும், அதற்குப் பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. கழிக்கு அந்தப் பக்கம் லோக்கல் ஒன்று போயிற்று.

பிறகு கொட்டகைக்கு வந்து ஒரு தேக்குத் துண்டைத் தேடி எடுத்தார். உளியால் சீவிச் சின்னதாக ஒரு முளை செய்தார். அப்பாவின் கைவேலை அவ்வளவு அழகு. துளைக்குள் அதை அடித்து இறக்கி, தலையைச் சீவிச் சமமாக்கி, மேலே மக்குப் பசை பூசி, அது காய்ந்ததும் வெள்ளைப் பெயின்ட் தொட்டுத் தடவினார். தடவிய இடம் எது என்று எனக்கே தெரியவில்லை. கீழே விழுந்திருந்த கறுப்புத் தூளையெல்லாம் துணியால் ஒற்றி எடுத்துக் கழியில் உதறினார். படகுக்கு எங்கோ புண், அப்பா மருந்து வைத்துக் கட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பும் வழியில் எனக்கு பர்ஃப் கோலா என்கிற குச்சி ஐஸ் உருண்டை வாங்கித் தந்தார். அதுவரை அப்பா தெருவில் எனக்கு எதுவும் வாங்கித் தந்ததில்லை. ரோஸ் கலர். எதையும் யாரிடமும் சொல்லாதே என்று அவர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய விஷயம் ஏதும் நடந்ததாகவே எனக்குத் தோன்றவுமில்லை. உதட்டுச் சிவப்பை அம்மாவிடம் காட்டப்போகும் அவசரத்தில் நான் முன்னால் ஓடினேன்.

சாயங்காலம் மாமா வந்தார். பெண்ணின் அப்பா இந்த முறை உட்காரச் சொல்லி டீ கொடுத்தாராம். அந்தச் சந்தோஷத்தில் இருந்தவரிடம், தான் துளை போட்டுப் பார்த்துவிட்டதாக அப்பாவே சொன்னார். மாமா நம்பமுடியாமல் பார்த்தார்.

"என்ன வந்துச்சு அத்தான்?"

"கல்லு மாதிரி இருக்குல. போல்ட்ட நல்லா முறுக்கி வையி. வேற ஒண்ணுமில்ல."

மாமா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். தன் புத்தி லாரிப் பட்டறைப் புத்தி என்று சொல்லித் தலையில் தட்டிக்கொண்டார். அந்த வாரம் முழுக்க அவர் அந்தப் போல்ட்டுகளைச் சுற்றிச் சுற்றி முறுக்கினார்.

ஞாயிறு வந்தது. ஏற்றத்தில் கழி நிறைந்து நின்றது. பாவாஜி வெள்ளைக் கால்சட்டையில் வந்தார். அம்மா வயிற்றைத் தாங்கிக்கொண்டு, டிபன் கேரியரோடு கரைக்கு வந்திருந்தாள். தம்பிக்கு வேலை நிரந்தரமாகும் நாள் என்று அவளே சமைத்து எடுத்துவந்தாள். நான் பள்ளிக்கூட கவுனைப் போட்டுக்கொண்டிருந்தேன். முதலில் பாவாஜி ஓட்டிப் பார்ப்பார், வந்ததும் நான் ஏறலாம் என்று மாமா சொல்லியிருந்தார்.

படகு மெதுவாகக் கிளம்பி, திரும்பி, பாலத்தை நோக்கி நின்றது. பாவாஜி கையால் சைகை காட்ட, மாமா எஞ்சினுக்கு முழு வேகம் கொடுத்தார். முன்பக்கம் தூக்கியது. கரையில் நின்றவர்கள் ஓ என்றார்கள். அடுத்த கணம் ஈரத் துணியைக் கிழிப்பதுபோல ஒரு சத்தம் வந்தது. இரும்புக் கால் பின்னால் சரிந்தது. எஞ்சின் பெட்டி ஒரு பக்கமாகத் தூக்கியது. பிறகு எஞ்சின் சத்தமே இல்லை. படகின் பின்பக்கம் தண்ணீருக்குள் உட்கார ஆரம்பித்தது. பாவாஜி இடுப்பு வரைக்கும் நனைந்து முன்பக்கத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருடைய ஒரு ஷூ மிதந்து போயிற்று. கோளிகள் தங்கள் படகைக் கொண்டுபோய்க் கயிறு கட்டி இழுத்துவந்தார்கள். இழுத்தவர்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

தண்ணீர் வடியும் படகைச் சாய்த்து வைத்தார்கள். பாவாஜி கத்தவில்லை. நனைந்த கைக்குட்டையைப் பிழிந்துகொண்டே, யாருடைய வேலை இது என்று இந்தியில் கேட்டார். அப்பா அசையாமல் நின்றார்.

மாமா திருப்புளியை எடுத்துக்கொண்டு பின்பலகையிடம் குனிந்தார். தகடு பிய்த்துக்கொண்ட இடத்தில் பிளைவுட் தாள் தாளாகப் பிரிந்து தொங்கியது. அதை ஒவ்வொன்றாக விலக்கினார். நடுவில் ஒரு இடத்தில் கை நின்றது. கறுத்து நைந்த அந்த மரத்துக்கு நடுவே மஞ்சளாக, புத்தம் புதிதாக, தேக்கு முளை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டு விரலால் இழுத்தார். வந்துவிட்டது. அதைத் திருப்பிப் பார்த்தார். அந்தச் சீவல் யாருடைய கைச் சீவல் என்று அவருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார். அப்பா கழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா அம்மாவைப் பார்த்தார். அவள் டிபன் கேரியரைக் கீழே வைக்கக்கூட மறந்து, ஒரு கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு நின்றாள்.

மாமா முளையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். போல்ட் போட்டது நான்தான், தப்பு என்னுடையதுதான் என்று பாவாஜியிடம் சொன்னார்.

அத்தோடு நின்றிருந்தால்கூட அப்பாவை இன்று நான் கொஞ்சம் மன்னித்திருப்பேன். அவர் நிற்கவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"அன்னைக்கே சொன்னேம்லா, ரொம்ப முறுக்காத, பலகை தாங்காதுன்னு. எவன் கேக்கான்?"

மாமா அவரையே பார்த்தார். "ஆமா அத்தான், சொன்னீக" என்றார்.

பாவாஜி மாமாவிடம் சாவிக்காகக் கையை நீட்டினார். மாமா கொடுத்தார். ஈர ஷூ ஒற்றைக்காலில் சப்சப் என்று சத்தம் போட பாவாஜி காரை நோக்கி நடந்தார். அப்பா அவர் பின்னாலேயே போனார். கார் கதவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பேசினார். என்ன பேசினார் என்று கேட்கவில்லை. பாவாஜி கடைசியில் தலையாட்டியது தெரிந்தது.

மாமா அன்று மாலையே துணிகளைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டார். அம்பர்நாத்தில் தெரிந்தவன் ஒருத்தன் இருக்கிறான், ஆலையில் சேர்த்துவிடுவான் என்றார். அம்மா, கையில் கிடைத்த வேலையை இப்படிக் கெடுத்துக்கொண்டாயே என்று அழுதாள். மாமா பையின் வாயைக் கட்டினார். லேபர் கேம்ப்புக்குப் போய்ச் சொல்லிவிட்டுப் போகலாமே என்று அம்மா கேட்டதற்கு மட்டும், என்னத்தச் சொல்ல என்றார். நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு மூலையில் சொப்பு விளையாடிக்கொண்டிருந்தேன். பாலத்துக்கு அடியில் போகவில்லையே என்ற கோபம். அவர் என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து அந்த முளையை எடுத்து என் சொப்பு உரலுக்குள் நட்டு வைத்தார்.

"உனக்கு ஒலக்கை இல்லன்னியே மருமவளே. இந்தா. உங்கப்பா செஞ்சது, நல்லா உறுதியா இருக்கும்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. லேபர் கேம்ப்புப் பெண்ணை வேறிடத்தில் கொடுத்தார்கள். கிளப் படகுகள் எங்கள் கொட்டகைக்கு வரத்தான் செய்தன. தகரக் கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஆயிற்று, நாங்கள் செம்பூருக்குக் குடிபோனோம். என் தம்பி அந்தப் பணத்தில்தான் படித்தான். என் கல்யாணத்தில் மாமன் மாலை போட, கூப்பிட்டதும் வந்த ஒரு தூரத்து உறவுக்காரரை நிறுத்தினார்கள். அப்பா வயதான காலத்தில் அந்தப் படகுக் கதையை வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். முறுக்காதே என்று சொல்லச் சொல்ல முறுக்கிக் கெடுத்தான் என்பார். சொல்லச் சொல்ல அதில் புதிது புதிதாக ஏதாவது சேரும். கடைசியில் அவரே அதை நம்பிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். தன் தம்பி கை பதறுகிறவன் என்று அம்மாவும் சொல்லிக்கொண்டே செத்துப்போனாள். அவள் நிஜமாக நம்பித்தான் சொன்னாளா, வீடு நடக்கவேண்டும் என்பதற்காகச் சொன்னாளா என்று கேட்க இப்போது ஆள் இல்லை. மாமா அம்பர்நாத்தில் தனியாகவே இருந்து போய்விட்டார் என்று கேள்வி.

அன்றைக்கு எனக்குத் தெரிந்திருந்தது வேறு. மாமா படகைக் கெடுத்துவிட்டார். அப்பா அதற்கு மருந்து வைத்துக்கூட அது பிழைக்கவில்லை. அப்பா எனக்கு கோலா வாங்கித் தந்த நல்லவர். உலக்கை கிடைத்த சந்தோஷத்தில் கோபம் மறந்து, மாமா படியிறங்கும்போது நான் மண்ணை இடித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அப்பா படகின் பின்பலகையை அறுத்து எடுத்தார். புதுப் பலகை போடும் வேலையைப் பாவாஜி அவரிடமே கொடுத்திருந்தார். அறுத்த துண்டுகளைச் சாக்கில் கட்டி விறகுக்கு வீட்டுக்குக் கொண்டுவந்தார். என் சொப்பு உரலில் இருந்த முளையைப் பார்த்து யார் கொடுத்தது என்று கேட்டார். மாமா என்றேன். அதை எடுத்து அடுப்பில் போட்டார். பலகைத் துண்டுகள் ஈரம், புகைந்துகொண்டே இருந்தன. அம்மா மண்ணெண்ணெய் ஊற்றிச் சோறு வடித்தாள்.